பாதிதான் சரியாகும்

டாக்டர் ரூமுக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. வைத்தியம் உள்ளே நடக்குதுனு நீங்க நினைச்சுக்கிட்டு இருந்தா அது தப்பு. உள்ளே டாக்டர் பேசுறது அஞ்சு நிமிஷம். அப்புறம் வெளியே வந்து அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து, "ஆயாம்மா, டாக்டர் இன்னா சொன்னாரு?"னு நம்மகிட்ட கேட்பாங்க பாருங்க, அங்கேதான் அவங்க முடிவு எடுக்கிறாங்க. அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை சொன்ன பதிலைப் பத்தித்தான் இதை எழுதுறேன்.

தோல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற உங்கள்ல, புதுசா சேர்ந்த ரெண்டு பொண்ணுங்க போன வாரம் என்னைப் பார்க்க வந்தாங்க. "பருத் தழும்புக்கு வர்றவங்ககிட்ட என்ன பேசுறதுனே தெரியலம்மா, உட்கார்ந்து அழுவுறாங்க"னு சொன்னாங்க. அப்பவே வாயால சொல்லியிருக்கலாம். ஆனா வாயால சொல்றப்போ நம்ம தப்பை நாமே கொஞ்சம் சின்னதாக்கிடுவோம். எழுதினா அப்படி ஆக்க முடியாது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், மெதுவாத்தான் வரும். எனக்கு அவசரம் இல்லை.

நான் வேலை பார்த்த தோல் ஆஸ்பத்திரி தேரடித் தெருவுக்குப் பின்னால ஒரு சந்துல இருந்தது. முன்னால டாக்டர் ரூம், பின்னால ரெண்டு கட்டில் போட்ட ஒரு அறை. எழுபதுகள் முடிஞ்சு எண்பது பிறந்த சமயம். டாக்டர் மெட்ராஸ்ல படிச்சவர். நல்ல கை. பேச்சு மட்டும் ரொம்பக் கம்மி. நான் பேருக்கு ஆயா. பெருக்குறதுல இருந்து, ஊசி போடுறப்போ தலையைப் பிடிச்சுக்கிற வரைக்கும் எல்லாம் என் வேலை. ஜனங்க டாக்டரைவிட என்கிட்டதான் ஜாஸ்தி பேசுவாங்க. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இப்பவும் இருக்கு, பொய் சொல்லுவானேன்.

தழும்புக்குனு யாராவது வந்தா டாக்டர் ஒரு காரியம் பண்ணுவார். ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட்டை அணைச்சிடுவார். டார்ச்சை அவங்க காதுக்குப் பக்கத்துல வெச்சு, கன்னத்துல குறுக்கால வெளிச்சம் அடிப்பார். என்னைக் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லுவார். நேரா அடிக்கிற வெளிச்சத்துல எந்த முகமும் சுமாரா இருக்கும். குறுக்கால அடிச்சா ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழும். சில பேர் அந்தக் கண்ணாடியைப் பார்க்க மாட்டாம கண்ணை மூடிக்குவாங்க. எனக்கே கோபம் வரும், ஏன் இவங்களை இப்படி வதைக்கிறார்னு. பார்த்தப்புறம்தான் வைத்தியத்தைப் பத்திப் பேசுவார். ஊசி குத்தின மாதிரி ஆழமான சின்னக் குழின்னா, ஆசிட்டைக் குச்சியில தொட்டு உள்ளே வைக்கலாம். கொஞ்சம் பெரிய குழின்னா, வெட்டி எடுத்துத் தையல் போடலாம். தாடையில தடிச்சு எழும்பியிருந்தா, அதுக்குள்ள ஊசி போட்டு அமுக்கலாம். கன்னம் பூரா மேடும் பள்ளமுமா இருந்தா, பல்லு டாக்டர் வெச்சிருக்கிற மாதிரி சுத்துற மெஷின் ஒண்ணு, முனையில கம்பிச் சக்கரம், அதால தேய்க்கலாம். எதைச் சொன்னாலும் கடைசியில ஒரே வார்த்தைதான் சொல்லுவார்.

"பாதி சரியாகும். பாதி இருக்கும்."

அந்தப் பாதியை நான் வெளியே பெஞ்சுக்கு எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள அது முக்காலா ஆயிடும். கேட்கிறவங்க அதை முழுசுனு வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்க. இரக்கத்துல பண்றோம்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

கஸ்தூரி அப்படி வந்த பொண்ணுதான். அடி அண்ணாமலை கிராமத்துல விவசாயக் குடும்பம். இருபத்திரெண்டு வயசு, டீச்சர் டிரெயினிங் முடிச்சவ. பெஞ்சுல எப்பவும் சுவர் ஓரமாத்தான் உட்காருவா. முந்தானையை இழுத்து வாய் வரைக்கும் மறைச்சுக்குவா. பரு நிக்கிறதுக்கே ஆறேழு மாசம் மாத்திரை சாப்பிட்டா. பரு நின்னுடுச்சு. ஆனா ரெண்டு கன்னத்துலயும் அது தோண்டிட்டுப் போன குழி தங்கிடுச்சு. டிரெயினிங்ல இருந்தப்போ பாடம் எடுத்துப் பழகறதுக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்காங்க. ஒரு நாள் வகுப்புக்குள்ள போனா, போர்டுல பசங்க பணியாரக் கல்லு படம் போட்டு வெச்சிருக்காங்க. அன்னையில இருந்து அவளுக்குப் பேரே பணியாரக் கல்லு டீச்சர்தான். அதுக்கப்புறம் அங்கே இருந்த நாள் பூரா போர்டைப் பார்த்தே பாடம் எடுத்தேன்னு என்கிட்ட சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

மார்கழி பிறக்கப் போற சமயம், டாக்டர் அவளைக் கூப்பிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தார். தேய்க்கிற வேலையெல்லாம் அவர் வெயில் கம்மியா இருக்கிற மாசத்துல மட்டும்தான் வெச்சுக்குவார்.

"நல்லாப் பாரு. உன் கண்ணுக்குத் தெரியுறது குழி இல்லை, குழியோட நிழல். நான் சுத்தி இருக்கிற மேட்டைத் தேய்ச்சு இறக்குவேன். குழி மேலே வராது. நிழல் கம்மியாகும். பாதி சரியாகும். மூணு மாசம் முகம் சிவந்து கிடக்கும், அப்புறம் கருக்கும், அப்புறம்தான் தெளியும். வெயில் படக்கூடாது. பட்டா இப்ப இருக்கிறதைவிட மோசமாயிடும். யோசிச்சு சொல்லு."

அவ தலையை ஆட்டிட்டு வெளியே வந்தா. அவங்க அம்மா பெஞ்சுல இருந்து எழுந்து என்கிட்ட வந்தாங்க. வாய் கொஞ்சம் பெருசு, மனசும் பெருசு, நாத்து நட்டுக் காப்புக் காய்ச்சின கை.

"இன்னாம்மே சொன்னாரு உங்க டாக்டரு? நிழலு கிழலுன்றாரு. நான் இன்னா கூரையா போடச் சொன்னேன்?"

"நம்ம வயல்ல பரம்பு அடிக்கிறோம் இல்லே? மேட்டை இழுத்து விடுறோம் இல்லே? அந்த மாதிரிம்மா"னு சொன்னேன்.

"அப்போ சமமாயிடும்னு சொல்லு."

அங்கே நான் இல்லைனு சொல்லியிருக்கணும். பரம்பு அடிச்சா மேட்டு மண்ணு பள்ளத்துல போய் விழும், வயல் சமமாகும். முகத்துல அப்படி விழுறதுக்கு மண்ணு ஏது? அந்த யோசனையெல்லாம் எனக்கு வரலை. நல்ல உதாரணம் சொல்லிட்டோம்னு சந்தோஷம் வேற.

"கிட்டத்தட்ட"னு சொன்னேன்.

கஸ்தூரி வயர் கூடையில இருந்து மடிச்சு வெச்ச ஒரு தாளை எடுத்துக் காட்டினா. வேலைக்கு ஆர்டர். செங்கம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். "அக்கா, பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கிற அன்னைக்கு நான் போய்ச் சேரணும். சேரலைனா இது செல்லாது. இந்த முகத்தோட நான் போவ மாட்டேன். அதுக்குள்ள ஆயிடுமா?"

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்கலை. நீங்க சொல்லுங்க."

நான் நாளை எண்ணிப் பார்த்தேன். ஒரு மாசமும் கொஞ்ச நாளும்தான் இருந்தது. டாக்டர் மூணு மாசம்னு சொன்னது என் காதுல விழுந்திருந்தது. ஆனா ஆர்டர் விஷயம் அவருக்குத் தெரிஞ்சா அடுத்த மார்கழிக்குத் தள்ளிடுவார். தள்ளினா இந்தப் பொண்ணு வேலைக்குப் போகாமலே இருந்துடும்னு எனக்குப் பயம்.

"தை பொறக்கிறதுக்குள்ள ஆயிடும், போ. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்"னு சொன்னேன்.

பேசலை.

தேய்ச்சதைப் பத்தி நான் எழுதப் போறதில்லை, அதெல்லாம் உங்களுக்கு இப்போ வேற மாதிரி. வீட்டுல அடுப்புப் புகையும் களத்துப் புழுதியும் ஜாஸ்தினு, அம்மாவையும் பொண்ணையும் ஒரு வாரம் பின்னறையிலேயே தங்க வெச்சார் டாக்டர். முதல் நாள் முகம் வீங்கிக் கண்ணு கோடாயிடுச்சு. ரெண்டாம் நாள் மஞ்சளாத் தண்ணி வடிஞ்சு பொருக்குக் கட்டிச்சு. இது இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். அவங்க அம்மாவுக்குத் தெரியாது.

"ஏம்மே, பரம்பு அடிச்ச வயலு இப்படியா கீது?"

"ஆயிடும்மா."

நாலாம் நாள் அவங்க விரலை மடக்கி, தைக்கு எத்தனை நாள் இருக்குனு எண்ணிக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டாங்க. அன்னைக்கு மட்டும் நாலு தடவை கஸ்தூரியைப் போய் எட்டிப் பார்த்தேன். போறப்போ எல்லாம் "ஆயிடும்"னு சொல்லிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை என் வாய்க்குள்ள கனத்துக்கிட்டே போச்சு.

அஞ்சாம் நாள் ஆருத்ரா தரிசனம். ஊர் பூரா ஜனம். டாக்டர் வேலூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். ஆஸ்பத்திரி லீவு. நானும் அவங்க ரெண்டு பேரும்தான். விடியறதுக்கு முன்னாடியே கோயிலுக்குப் போன அவங்க அம்மா, காலையில பத்து மணி வாக்குல வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாங்க. கையில ஒரு காகிதப் பொட்டலம். தீப மை. உங்களுக்குத் தெரியாததா. கார்த்திகைக்கு மலை மேலே ஏத்துற தீபம் எரிஞ்சு முடிஞ்சப்புறம் கொப்பரையில படிஞ்ச கரியை எடுத்து மையாக்கி, ஆருத்ரா அன்னைக்கு சாமிக்குச் சாத்திட்டு ஜனங்களுக்குக் கொடுப்பாங்க. அந்தக் கூட்டத்துல எப்படி வாங்கினாங்களோ, முழங்கை சிராய்ச்சிருந்தது.

முதல்ல என் நெத்தியில வெச்சாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன். பொண்ணு நெத்தியில வெச்சாங்க. அங்கே தேய்ச்சிருக்கலை, அதனால எனக்கு ஒண்ணும் தோணலை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாங்க.

"கன்னத்துல கொஞ்சம் தடவட்டுமா? மனுசன் வைத்தியத்துல ஆவாதது மலையான் வைத்தியத்துல ஆவும்."

டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர அந்தக் கன்னத்துல எதுவும் படக்கூடாதுனு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். ஆனா வேணாம்னு சொன்னா, "அப்போ எப்பத்தான் ஆவும்?"னு அடுத்த கேள்வி வரும். அஞ்சு நாளா நான் சொன்ன "ஆயிடும்" எல்லாம் சேர்ந்து என் வாயை அடைச்சிடுச்சு.

"சாமி பிரசாதம். இன்னா பண்ணிடப் போவுது"னு சொல்லிட்டேன்.

அவங்க பொண்ணோட இடது கன்னத்துல மூடியிருந்த துணியை விலக்கி, மோதிர விரலால மெதுவா தடவினாங்க. பொருக்கு உதிர்ந்த இடம் பச்சைப் புண்ணா இருந்தது. கஸ்தூரி பல்லைக் கடிச்சுக்கிட்டா.

"எரியுதாடி?"

"இல்லம்மா."

நான் கொல்லைப் பக்கம் போய்க் குடத்தை எடுத்தேன். குழாயடியில வெச்சுத் தண்ணி பிடிச்சேன். தூக்குறப்போ என் இடது கை கண்ணுல பட்டது. முழங்கைக்குக் கீழே பச்சை குத்தின கோலம். பன்னெண்டு வயசுல சந்தையில குத்தினது. ஊசியால குத்திக் குத்தி, ரத்தம் பொடிச்சதும் அது மேலே பச்சை குத்துற அம்மா எதைத் தேய்ச்சாங்க? விளக்குக் கரியைத்தான் தேய்ச்சாங்க.

குடத்தை அப்படியே வெச்சுட்டேன்.

அந்த நேரத்துல என் புத்தி எப்படி ஓடிச்சுனு சொல்றேன், உங்களுக்கும் ஒரு நாள் ஓட வேண்டி வரும். டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா? நான் ஆயா, புண்ணைத் தொடுறது என் வேலை இல்லை. வேலூருக்கு டிரங்க் கால் போடலாம்னா அவர் எந்த வீட்டுல இருக்கார்னு தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னா, தெருவெல்லாம் ஜனம், புழுதி, கற்பூரப் புகை, அதுக்கு நடுவுல அந்தப் பச்சைப் புண்ணோடவா? அப்போ ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். செங்கம் ரோட்டுல சைக்கிள்ல இருந்து விழுந்து, தாடையில தார்ப்பொடி ஏறி, ஆறி, ஒரு மாசம் கழிச்சு வந்தவர். தாடை நீலம் பாரிச்சுக் கிடந்தது. "அன்னைக்கே தண்ணி விட்டுக் கழுவியிருந்தா போயிருக்கும். ஆறினப்புறம் தோலை உரிச்சாலும் போகாது"னு டாக்டர் அவர்கிட்ட சொன்னார். அதைக் கேட்டுக்கிட்டு நான் கதவுக்கிட்டதான் நின்னேன்.

காத்திருக்கக் கூடாது. ஆனா தேய்க்கவும் கூடாது. தேய்ச்சா கரியை நானே உள்ளே ஏத்தின மாதிரி ஆயிடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புண்ணு கழுவுறதுக்குனு டாக்டர் வெச்சிருந்த உப்புத் தண்ணி பாட்டிலை எடுத்தேன், தண்ணி வடியறதுக்கு ஒரு பேசினையும் எடுத்தேன். கஸ்தூரியை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கன்னத்துல தண்ணியை விட ஆரம்பிச்சேன். நனைஞ்ச பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தேன்.

அவங்க அம்மா பாய்ஞ்சு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இன்னாடி பண்ற நீ? சாமியைக் கழுவுறியா? பூசச் சொன்னவளும் நீதானே?"

"நான்தான்மா. தப்பு பண்ணிட்டேன். கையை விடுங்க."

"வுட மாட்டேன். நாலு மணி நேரம் மிதிபட்டு வாங்கிக்கினு வந்தேன்டி. பேசின்ல கழுவி ஊத்தறதுக்கா?"

கஸ்தூரி படுத்தபடியே என்னைப் பார்த்தா. வீங்கின கண்ணு. "அக்கா, என்ன ஆச்சு? நிஜத்தைச் சொல்லுங்க."

"பச்சைப் புண்ணுல கரி உள்ளே போனா பச்சை குத்தின மாதிரி நின்னுடும், கண்ணு. எப்பவும் போகாது."

அவங்க அம்மா கை என் மணிக்கட்டுல அப்படியே இருந்தது. அந்தக் கையிலயும் பச்சை இருந்தது. நான் பார்த்தேன், அவங்களும் பார்த்தாங்க. கையை எடுத்தாங்க.

"பாட்டிலைக் குடு. நான் ஊத்தறேன், நீ ஒத்து."

ஒரு மணி நேரத்துக்கு மேலே ஊத்தினோம். தண்ணி முதல்ல கருப்பா வந்தது, அப்புறம் சாம்பலா, அப்புறம் லேசா ரத்தம் கலந்து வந்தது. கஸ்தூரி கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. பேசின் நிறைஞ்சப்போ அவங்க அம்மா, "இந்தத் தண்ணியை எங்கம்மே ஊத்துவ?"னு கேட்டாங்க. "கால் படாத இடத்துல"னு சொன்னேன். அவங்களே எடுத்துக்கிட்டுப் போய்க் கொல்லையில செம்பருத்திச் செடி அடியில ஊத்திட்டு வந்தாங்க.

டாக்டர் வர்ற வரைக்கும் நான் உட்காரலை. வாசலுக்கும் பின்னறைக்குமா நடந்தேன். வந்ததும் சட்டை மாத்தாமலே லென்ஸை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தார். ஊசி முனையால கரித் துகளை ஒவ்வொண்ணா எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் என்னை முன் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"கழுவச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை சார். நானேதான்."

"பூச விட்டது?"

"அதுவும் நான்தான்."

"ஏன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சவளால நிறுத்த முடியலை. ஆர்டர், தை மாசம், பரம்பு, கிட்டத்தட்ட, எல்லாம் வெளியே வந்துடுச்சு. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

"இந்த ஆர்டர் விஷயம் தெரிஞ்சிருந்தா நான் இந்த வருஷம் தேய்ச்சிருக்கவே மாட்டேன்"னார். அப்புறம், "நான் பாதின்னுதானே சொன்னேன்?"

"ஆமா சார்."

"அஞ்சாறு புள்ளி உள்ளே போயிடுச்சு. அது நிக்கும். நீ கழுவலைனா கன்னம் பூரா நின்னிருக்கும். ஆனா நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசப் போறதில்லை. நீ சொன்னதை நீதான் திருப்பி எடுக்கணும்."

வேலையை விட்டு அனுப்பிடுவார்னு நினைச்சேன். அனுப்பியிருந்தா அது சுலபம். மறுநாள் காலையில டார்ச்சையும் கண்ணாடியையும் எடுத்துக்கிட்டுப் பின்னறைக்குப் போனேன். ஜன்னலைச் சாத்தினேன், காதுக்கிட்ட வெச்சு அடிச்சேன்.

"கஸ்தூரி, தைக்குள்ள ஆயிடும்னு நான் சொன்னது பொய். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஸ்கூல் தொறக்கிற அன்னைக்கு முகம் செக்கச்செவேல்னு இருக்கும். அப்புறம் மாசக்கணக்குல கருப்பா இருக்கும். தெளிஞ்சப்புறமும் குழியில பாதி இருக்கும். பாதிதான் சரியாகும். இந்தக் கன்னத்துல அஞ்சாறு புள்ளி கருப்பா எப்பவும் இருக்கும். அது என்னால."

அவ கண்ணாடியை வாங்கித் தானே பிடிச்சுக்கிட்டுப் பார்த்தா. அழுவா, திட்டுவானு காத்திருந்தேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, வேலையில சேர்ந்துட்டு வேற ஒரு லீவுல வந்து பண்ணியிருப்பேன்க்கா"னு சொன்னா. அவ்வளவுதான். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

இத்தனை வருஷத்துல என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்காங்க. அதெல்லாம் மறந்துடுச்சு. இது மறக்கலை. நான் அவளுக்கு நல்லதைச் சொன்னதா நினைச்சேன். அவ தானா ஒரு முடிவு எடுக்கிற இடத்துல நான் போய் உட்கார்ந்துக்கிட்டு இருந்திருக்கேன்.

இப்போ உங்ககிட்ட லேசர் வந்திருக்கு, என்னென்னமோ ஊசி வந்திருக்கு. அன்னைக்குவிட நல்லாவே ஆகுதுனு கேள்விப்படுறேன், சந்தோஷம். ஆனா பெஞ்சு அதே பெஞ்சுதான். டாக்டர் சொன்னது எவ்வளவோ அவ்வளவு சொல்லுங்க. கூட ஒரு சொல்லு போடாதீங்க. உதாரணம் சொன்னா, அதை அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கனு திருப்பிக் கேளுங்க. கல்யாணமா, வேலையா, எந்த நாளை மனசுல வெச்சுக்கிட்டு வந்திருக்காங்கனு கேட்டு, அதை டாக்டர் காதுல போட்டுடுங்க, அவர் எரிஞ்சு விழுந்தாலும் சரி. வீட்டுல எதைப் பூசுவாங்க, எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டு இருக்காங்கனும் கேளுங்க. சாமியை யாரும் வேணாம்னு சொல்லலை. நெத்தியில வெச்சுக்கலாம்னு முன்னாலேயே சொல்லிட்டா போதும். பயந்துபோன தாய் எதையும் பூசுவா. அவளைப் பயப்பட விட்டது யாருனு பார்த்தா, பல தடவை நம்ம வாயாத்தான் இருக்கும்.

கஸ்தூரி வாரம் முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டா. நடுவுல ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்ட வந்தா. வேலைக்குப் போறாளா இல்லையானு அவளும் சொல்லலை, கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. பொங்கல் வந்தது, போச்சு. பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னைக்கு டாக்டர்கிட்ட ஒரு மணி நேரம் லீவு சொல்லிட்டு, ஆறரைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்னேன். செங்கம் போற முதல் பஸ் கிளம்பிடுச்சு, அவளைக் காணோம். ரெண்டாவது பஸ்ஸும் வந்து நின்னு, ஆள் ஏத்த ஆரம்பிச்சுடுச்சு. அதை விட்டா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. எனக்குக் கண்ணு ரெண்டும் பஸ் ஸ்டாண்டு வாசல்லயே இருந்தது.

ஒரு கருப்புக் குடை தெரிஞ்சது. அவ்வளவு காலையில யாரும் குடை பிடிக்க மாட்டாங்க. குடைக்குப் பின்னால அவங்க அம்மா, கையில தூக்குச் சட்டியோட.

பூக்காரம்மா ஒருத்தி முழம் போட்டுக்கிட்டு இருந்தவ, தலையைத் தூக்கிக் குடைக்குள்ள பார்த்தா. "இன்னாம்மா முகத்துல? தீ கீ பட்டுச்சா?"

அவங்க அம்மா என்னமோ சொல்ல வாயைத் தொறந்தாங்க. கஸ்தூரி முந்திக்கிட்டா. முந்தானை தோள்லதான் இருந்தது, வாயை மறைக்கலை.

"இல்லக்கா. தழும்புக்கு வைத்தியம் பண்ணியிருக்கேன். பாதிதான் சரியாவும்."

"பாதிதானா?"

"ஆமா, பாதிதான்."

குடையை மடக்கினா, பஸ்ல ஏறினா, வெயில் விழாத பக்கமா பார்த்து உட்கார்ந்துக்கிட்டா. என்னைப் பார்த்தாளா இல்லையானு எனக்குத் தெரியாது. பஸ் திரும்பி மறையுற வரைக்கும் நின்னோம், நானும் அவங்க அம்மாவும். அவங்க பக்கத்துல நான் நிக்கிறதை அப்பத்தான் கவனிச்சாங்க.

"ஏம்மே, சாயங்காலம் அழாம திரும்பி வந்துடுவாளா?"

ஆயிடும், வந்துடுவா, ஒண்ணும் ஆவாது, எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்தது.

"தெரியலம்மா"னு சொன்னேன். "அந்த பஸ்ஸு வர்ற நேரத்துக்கு நானும் வந்து உங்களோட நிக்கிறேன்."